மீன் சட்டியில இனி என்ன வேகணும்?

தம்பி கேட்டது இதுதான். வீடு கன்னியாகுமரி ஜில்லாவுல குழித்துறை பக்கம், வேலை திருவனந்தபுரத்துல, காலையில ட்ரெயின்ல போயி ராத்திரி வாறார், வீட்டுல தெனமும் மீன் உண்டு. இனிமே மீன், இறைச்சி, முட்டை, பால், தயிர் ஒண்ணும் வேண்டாம், மண்ணுல வெளையிறது மட்டும் போதும்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா ரெசிபி தேடினா டோஃபு, பாதாம் பால், கீன்வா, அவகாடோன்னுதான் வருது, அதையெல்லாம் மார்த்தாண்டம் சந்தையில எங்க போயி தேட, கெடைச்சாலும் சம்பளம் தாங்குமா, அப்போ நமக்கு ஒத்துவாற மாதிரி ரெசிபி ஐடியா எங்க கெடைக்கும்னு கேட்டிருக்கார்.

நான் யாருன்னு சொல்லிடுதேன். தக்கலை பக்கம், கல்யாண வீட்டு ஆக்குப்பெரையில நிக்கிற ஆளு, கேரள எல்லையில இருக்க களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சத்யா, அதாவது எலை போட்டுப் பரிமாறுற விருந்து, வச்சுப் பழக்கம். சத்துக் கணக்கு மட்டும் என் சரக்கு இல்ல, மருமவ ஆஸ்பத்திரியில டயட் பாக்குறா, அவகிட்ட கேட்டுத்தான் அந்த எடத்தையெல்லாம் எழுதுதேன்.

மொதல்ல ஒண்ணு, "வீகன் ரெசிபி"ன்னு தேடுறத நிறுத்துங்க. அந்த ரெசிபி எல்லாம் தட்டு நடுவுல ஒரு பெரிய இறைச்சித் துண்டோ சீஸோ வச்சுத் தின்னு பழகினவனுக்காக எழுதினது, அவனுக்கு அத எடுத்துட்டா தட்டே காலி, அதனால அதே எடத்துல வைக்க டோஃபு வேணும், சீஸுக்குப் பதில் முந்திரிப் பருப்ப அரைக்கணும். நம்ம தட்டு அப்படி இல்லையே. நடுவுல சோறு, இல்லன்னா கஞ்சி, இல்லன்னா மரச்சீனி (மரவள்ளிக் கெழங்கு), சுத்தி ரெண்டு மூணு கறி. மீன் அதுல ஒண்ணு. அதனால மீனுக்குப் பதிலா என்னன்னு கேக்காம, அந்த மீன் தட்டுல என்னென்ன வேலை பாத்துதுன்னு கேளுங்க. ஒண்ணு புரதம். ரெண்டு, கொழம்புக்கு ஒரு வாசம். மூணு, சோத்துக்கு நடுவுல கடிச்சுக்கிட ஒரு துண்டு. நாலு, மீன் எண்ணெயில உள்ள நல்ல கொழுப்பும் கடல்ல இருந்து வாற அயோடினும். இந்த நாலு வேலையையும் ஒரே காயி பாக்காது, பாக்கணும்னு எதிர்பாக்குறவங்கதான் பத்து நாள்ல திரும்ப மீன் சட்டிக்கிட்ட வந்து நிக்காங்க. வேலைய பிரிச்சுக் குடுங்க.

வாசத்துல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா நாக்கு தோத்துட்டா மத்த கணக்கு எதுவும் நிக்காது. நம்ம ஊரு தேங்கா அரைச்ச மீன் கொழம்ப எடுத்துக்கிடுங்க, தேங்கா, வத்தல் மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), புளி, கருவேப்பில, கடைசியில பச்சத் தேங்கா எண்ணெ. இதுல எது மீன்? ஒண்ணும் இல்ல. அரப்பு முழுக்க செடிதான், அப்படியே வச்சுக்கிடலாம், உள்ள போற துண்டத்தான் மாத்தணும். சக்கக்குருவும் (பலாக்கொட்டை) பச்ச மாங்காயும் போட்டு வச்சுப் பாருங்க, சக்கக்குருவ ரெண்டா கீறி மொதல்லயே குழைய விடாம வேகவச்சுக்கிட்டு, அரப்ப கலக்கி கொதி வந்தப்புறம் மாங்காய போடணும், மாங்காய முன்னாடியே போட்டா கரைஞ்சு போயி புளிப்பு ஏறிடும், புளியும் அன்னைக்கு பாதி போதும். முருங்கைக்காயும் மாங்காயும் அதே மாதிரி. வெண்டைக்காய்னா தேங்கா எண்ணெயில ஒரு வாட்டி வதக்கிட்டு போடுங்க, கொழகொழப்பு வராது. சேம்பு போட்டா கொழம்பு தானா கெட்டியாகும், அன்னைக்கு தேங்காய கொறைச்சுக்கிடலாம்.

கேரளப் பக்கத்து செவப்பு மீன் கறி வாசம் வேணும்னா கொடம்புளி வாங்குங்க. அத வெயில்லயும் பொகையிலயும் போட்டு ஒணத்துவாங்க, அந்தப் பொகை வாசந்தான் பாதி மீன் கறி. கழுவிட்டு வெந்நியில ஊறப்போட்டு, உள்ளி, இஞ்சி, பூடு, மிளகாத்தூள் கூட மண்சட்டியில கொதிக்க விட்டு, வறுத்த ஏத்தங்காயோ (நேந்திரங்காய்) சிப்பிக் காளானோ போட்டு எறக்கி மூடி வச்சிருங்க. மறுநாள்தான் அதுக்கு ருசி, செய்யிற அன்னைக்கு சாப்பிட்டுட்டு என்னையத் திட்டாதீங்க.

ஆனா என்னையக் கேட்டா மீன விடுறவங்க மொதல்ல கையில பிடிக்க வேண்டியது தீயல், தேங்காய நல்லா வறுத்தரைச்ச புளிக்கொழம்பு. உள்ளித் தீயல் எல்லா வீட்டுலயும் வைப்பாங்க, ஒழுங்கா வைக்கிறது கொஞ்சம் வீடுதான். தேங்காய பொடியா துருவணும், நீளமா கெடந்தா ஒண்ணுபோல வறுபடாது. இரும்புச் சட்டியில ஒரு ஸ்பூன் எண்ணெ விட்டு சிம்முல வச்சு கை எடுக்காம கிண்டணும், மொதல்ல ஈரம் வத்தும், பெறகு மஞ்சளாகும், இந்த எடத்துல முக்காவாசிப் பேரு எறக்கிடுவாங்க, எறக்கக் கூடாது, காப்பிப்பொடி நெறம் வாறவரைக்கும் போகணும். அந்த நெறத்துக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு பத்து நல்லமிளகும் நாலஞ்சு வெந்தயமும் போட்டு, அடுப்ப அணைச்சுட்டு அந்தச் சூட்டுலயே மல்லித்தூள், மிளகாத்தூள், மஞ்சத்தூள் போட்டு கிண்டணும், அடுப்பு எரியும்போது தூளப் போட்டா கருகி கசந்துடும். ஆறவச்சு தண்ணி விடாம அரைங்க, அரைக்க அரைக்க எண்ணெ விட்டு விழுதா வரும், அது வந்தாத்தான் தீயல். சின்ன உள்ளிய முழுசா வதக்கி, புளித்தண்ணி விட்டு கொதிச்சப்புறம் விழுதக் கரைச்சு விட்டு, எண்ணெ மேல தெளியிறவரைக்கும் சிம்முல விடுங்க. இதே அரப்புல உள்ளிக்குப் பதிலா பாவக்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய், காளான், ஊறவச்ச மீல்மேக்கர், எதப் போட்டாலும் நிக்கும். இறைச்சி வறுத்தரைச்ச கறிக்கு நாங்க வறுக்கிறதும் ஏறக்குறைய இதேதான், கூட பட்டை கிராம்பு பெருஞ்சீரகம் சேரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி புரதம். இங்கதான் நம்ம ஜில்லாக்காரனுக்கு ஒரு பொறி இருக்கு. மரச்சீனியும் மீனும்னு நம்ம ஆளுங்க சேத்தது ருசிக்காக மட்டும் இல்ல. மரச்சீனியில 100 கிராமுக்கு புரதம் ஒண்ணு ஒண்ணரை கிராம்தான், மத்தது பூரா மாவு. மீன்தான் அந்தத் தட்டோட புரதம். நீங்க மீன மட்டும் எடுத்துட்டு மரச்சீனியும் மிளகாச் சம்மந்தியும், அதாவது மிளகாத் தொவையலும்னு தின்னா வயிறு ரொம்பும், ஒடம்புக்கு ஒண்ணும் போயிருக்காது, ஒரு மணி நேரத்துல பசிக்கும், தாவர உணவு ஒத்துக்கலன்னு சொல்லுவீங்க. (மரச்சீனிய தொறந்து வச்சு நெறைய தண்ணியில வேகவச்சு தண்ணிய வடிச்சுக் களையுறத மட்டும் விட்டுடாதீங்க, அதுல இருக்க நஞ்சு போகத்தான் அது.)

மருமவ கணக்கு சொல்லுதா: ஐதராபாத்துல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொன்னபடி நல்ல ஒடம்புக்காரனுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு. 60 கிலோ ஆளுன்னா ஏறக்குறைய 50 கிராம். இது பெரிய மலையில்ல. பச்சையா எடை போட்டு, அரிசி 300 கிராம்னா அதுலயே 20-க்கு மேல வந்துடும், அரிசியில புரதமே இல்லன்னு நெனைக்கிறது தப்பு. சிறுபயறு 50 கிராம், அதுல 11, 12. சாம்பாருக்கு துவரம்பருப்பு 30 கிராம், அதுல 6. கொறிக்க நெலக்கடலை 30 கிராம், அதுல 7. தேங்கா, காய், கீரையில மிச்சம் மீதி. முடிஞ்சுது. ஆனா அந்தப் பயறும் கடலையும் தெனமும் தட்டுல இருக்கணும், தோணுறப்போ மட்டும் இருந்தா கணக்கு ஒதைக்கும். ஜிம்முக்குப் போற ஆளுன்னா மீல்மேக்கர் சேத்துக்கிடுங்க, காஞ்ச எடையில பாதிக்கு மேல புரதம். உப்புத் தண்ணியில கொதிக்கவச்சு ரெண்டு வாட்டி நல்லா பிழிஞ்சு அந்தப் பச்ச வாடை போனப்புறம் மசாலாவுல போடுங்க, பிழியாம போட்டதுனாலதான் பாதிப் பேருக்கு அது ஆகாது.

பயறுன்ன உடனே சுண்டல்தானேன்னு மொகம் சுளிக்காதீங்க. கஞ்சியும் பயறும் நம்ம ஊரு சாப்பாட்டுலயே மேலானதுன்னு நான் சொல்லுவேன், சம்பா அரிசிக் கஞ்சி, தேங்காயும் சீரகமும் பூடும் பச்ச மிளகாயும் கொறகொறன்னு அரைச்சுப் போட்ட சிறுபயறுத் துவரன் (தேங்காப் பொரியல்), சுட்ட வத்தல் மிளகாய் சம்மந்தி, ஒரு பப்படம். ராத்திரிக்கு இதுக்கு மேல என்ன வேணும். காலையில புட்டும் கடலைக் கறியும், இல்ல புட்டு பயறு பப்படம், இதெல்லாம் பொறந்ததுல இருந்தே முழுத் தாவரம், யாரும் அதுக்கு வீகன்னு பேரு வைக்கல. பெரும்பயறும் (தட்டைப்பயறு) மத்தனும் (பரங்கிக்காய்) சேத்து வறுத்த தேங்கா போட்ட எரிசேரி, பெரும்பயறும் தேங்காப் பாலும் சேத்த ஓலன், காணம் (கொள்ளு) வறுத்துப் பொடிச்ச தொவையல், காண ரசம், உளுந்தும் பூடும் வெந்தயமும் போட்ட உளுந்தஞ்சோறு. உளுந்தஞ்சோறுக்கு எள்ளுத் தொவையல்தான் ஜோடி, எள்ளுல சுண்ணாம்புச் சத்து ஏராளம், பாலை விடுறவனுக்கு அது கைமேல பலன்.

சக்கையப் (பலா) பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இப்போ எல்லாரும் இடிச்சக்கைய (பிஞ்சுப் பலா) இறைச்சிக்கு மாத்துன்னு விக்காங்க. 2018-ல கேரளாக்காரன் சக்கைய மாநிலப் பழம்னு அறிவிச்சதுல இருந்து அதுக்கு மவுசு தனி. வாயில வைக்க இறைச்சி நார் மாதிரியேதான் இருக்கும், மசாலாவும் நல்லா பிடிக்கும், நானே கல்யாணத்துல இடிச்சக்கை வறுத்தரைச்சது வச்சு இறைச்சின்னு நெனைச்சு எந்திரிச்சுப் போன சைவக்காரரை சமாதானம் பண்ணி உக்காரவச்சிருக்கேன். ஆனா புரதம்னு பாத்தா அதுல பேருக்குத்தான் இருக்கு. கடிக்க ஒரு துண்டுங்கிற வேலைக்கு மட்டும் அத எடுங்க, கூட பயறு வேற கறியா இருக்கணும். சக்கக்குருவுல பரவாயில்ல, அத வீசாதீங்க, மண்ணுல பொதைச்சு வச்சா மாசக்கணக்குல கெடக்கும்.

சரி, ஐடியா எங்க கெடைக்கும்னுதானே கேள்வி. உங்க தெருவுலயே இருக்கு. மீன் வைக்காத நாள்ல ஜனங்க என்ன வைக்காங்கன்னு கேளுங்க. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்ட வீட்டுல 41 நாளு மண்டலம் முழுக்க மீன் சட்டி அடுப்புல ஏறாது, அந்த வீட்டு அம்மாகிட்ட போயி "நாப்பத்தொரு நாளும் தொடுகறிக்கு என்ன பண்ணுவிய"ன்னு கேட்டா அவங்க சொல்லுறதே ஒரு புஸ்தகம். சுரியானிக் கிறிஸ்தவங்க ஈஸ்டருக்கு முன்னாடி அம்பது நோம்பும் கிறிஸ்மஸுக்கு முன்னாடி இருபத்தஞ்சு நோம்பும் பிடிப்பாங்க, அதுல பழைய மொறைப்படி இருக்க வீட்டுல மீன் இறைச்சி மட்டும் இல்ல, முட்டை, பால், தயிரும் கெடையாது. நீங்க நெட்டுல தேடுற அதே சாப்பாடு! மார்த்தாண்டத்துலயே அவங்கள்ல மலங்கரை சபைக் குடும்பங்க நெறைய உண்டு, கூட வேலை பாக்குறவங்கள்ல கோட்டயம், பத்தனந்திட்டக்காரங்க யாராவது இருப்பாங்க, நோம்பு சமயத்துல அவங்க டிஃபன எட்டிப் பாருங்க. கேரளப் பக்கம் தனு மாசம் (மார்கழி) திருவாதிரைக்கு பொம்பளைங்க அரிசிச் சோறு தொடமாட்டாங்க, அதுக்குன்னே திருவாதிரைப் புழுக்குன்னு ஒண்ணு, சேனை, சேம்பு, காச்சில், சிறுகிழங்கு, ஏத்தங்காய் கூட பெரும்பயறும் தேங்காயும். கிழங்குல இல்லாத புரதத்த பயறு வச்சு சரிக்கட்டியிருக்காங்க பாருங்க, எந்த டயட்டீஷியன் சொல்லிக் குடுத்தான்! கர்க்கடக மாசம்னா (நம்ம ஆடி) கஞ்சியும், பத்தெலைன்னு பத்து வகை எலையச் சேத்து வைக்கிற துவரனும்.

ரெண்டாவது எடம் சத்யா எலை. ஒரு கல்யாண எலையில விழுற கறிய எல்லாம் பேப்பர்ல எழுதுங்க, பேனா எடுத்து பால், தயிர், நெய் உள்ளத அடிங்க. புளிசேரி, காளன், மோர், பச்சடி, கிச்சடி, பால் பாயசம், பருப்பு மேல விடுற நெய், இவ்வளவுதான் போகும். ஓலன், எரிசேரி, துவரன், கூட்டுக்கறி, மெழுக்குபுரட்டி (எண்ணெயில வதக்கின காய்), இஞ்சிக்கறி, சாம்பார், ரசம், நாரத்தங்காய், உப்பேரி எல்லாம் நிக்கும். அவியலுக்கு மட்டும் எந்த ஊருன்னு கேக்கணும், பாலக்காட்டுப் பக்கம் தயிர் விடுவாங்க, நம்ம தெக்கு பக்கம் மாங்காயோ புளியோதான் வழக்கம், அதனால வீட்டு அவியல தைரியமா சாப்பிடுங்க. பாயசத்துல அடைப் பிரதமன், சிறுபயறுப் பாயசம் ரெண்டும் தேங்காப் பாலும் கருப்பட்டியோ வெல்லமோ வச்சு செய்யிறது, நெய்யில வறுக்குற தேங்காக் கொத்தையும் முந்திரியையும் தேங்கா எண்ணெயில வறுத்தா முடிஞ்சுது, ருசியில எனக்குத் தெரிஞ்சு யாரும் கண்டுபிடிச்சதில்ல. மூணாம் பால்ல வேகவிட்டு, ரெண்டாம் பால்ல குறுக்கி, ஒண்ணாம் பால எறக்குறப்போ விட்டு ஒரு சூடு கேறினதும் அணைச்சுடணும், கொதிக்க விட்டா திரிஞ்சுபோகும்.

இதுல ஒரு தமாஷ். இந்த வீகன்ங்கிற பேரே 1944-ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்ஸனும் கூட்டாளிகளும் சேந்து வச்சது, அந்தச் சங்கத்துக்காரங்க நவம்பர் 1-ஐ உலக வீகன் தினம்னு கொண்டாடுதாங்க. 1956-ல அதே நவம்பர் 1-லதான் நம்ம ஜில்லா, அப்போ மெட்ராஸ் மாநிலம்னு பேரு இருந்த தமிழ்நாட்டோட சேந்துது, அந்தப் பக்கம் கேரளப் பிறவி. அன்னைக்கு லீவு விட்டா எதுக்கு விட்டதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடலாம்.

மூணாவது, தேடுற மொறை. நமக்கு ஒரு வசதி மதுரைக்காரனுக்குக் கெடையாது, மலையாளம் காதுல விழுந்தா புரியும். அதனால கையில எந்தக் காய் இருக்கோ அந்தப் பேரையும் எந்த வகைக் கறி வேணுமோ அதையும் சேத்து மலையாளத்துலயே தேடுங்க, வீடியோவுல ஏதாவது ஒரு அம்மச்சி ஒண்ணும் அளக்காம கையால அள்ளிப் போட்டு காட்டிக் குடுப்பாங்க. அதையும் விட எளுப்பம், வகைய மட்டும் மனசுல நிறுத்துங்க. துவரன், மெழுக்குபுரட்டி, எரிசேரி, தீயல், அவியல், கூட்டு, புளிக்கறின்னு ஏழு வகை, சந்தையில எந்த வாரம் போனாலும் கெடைக்கிற பத்து காய், பெருக்கிப் பாருங்க, எழுவது கறி. எல்லாம் ஒத்துவராது, பாவக்காய்ல எரிசேரி வைக்க முடியாது, தள்ளினாலும் அம்பது நிக்கும். வெள்ளரிக்காய் வீட்டுல இருந்தா ரெசிபி தேடாதீங்க, இந்த ஏழுல எதுன்னு மட்டும் கேளுங்க.

வெளிநாட்டு ருசிதான் வேணும்னு ஆசைப்பட்டா எத்தியோப்பியாவப் பாருங்க, அங்க பழைய சபைக் கிறிஸ்தவங்க வருஷத்துல பாதி நாளு நோம்பு, அன்னைக்கு மாட்டுல கோழியில வாற எதுவும் தொடமாட்டாங்க. ஷிரோன்னு கடலைமாவு கொழம்பு ஒண்ணு, வெங்காயம், பூடு, மிளகாத்தூள் வதக்கி வறுத்த கடலைமாவக் கரைச்சு விட்டு கிண்டுறது, நம்ம வீட்டுல உள்ள சாமானே போதும், தோசைக்கு அருமையா இருக்கும்.

பால் விஷயம் மீன விட கஷ்டம், முக்கியமா சாயா (டீ). கொதிக்கிற சாயாவுல தேங்காப் பால விட்டா பிரிஞ்சு எண்ணெ மெதக்கும், குடிக்க முடியாது. பால் விடாத கட்டஞ்சாயாவுக்கு மாறிடுறதுதான் நல்லது, எலுமிச்சை பிழிஞ்சோ ஏலக்காய் தட்டிப் போட்டோ. சாயங்காலம் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. பால் சாயாதான் வேணும்னா கடையில பாக்கெட் சோயா பால் கெடைக்கும், அடுப்ப அணைச்சுட்டு விடுங்க. தயிருக்கு நெலக்கடலைத் தயிர் செய்யலாம், ஒரு கப்பு கடலைய ராத்திரி ஊறவச்சு தொலி நீக்கி மூணு கப்பு தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி, அடிப்பிடிக்காம கிண்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பா இருக்கும்போது ஏழெட்டு மிளகாய்க் காம்பப் போட்டு மூடி வச்சா மறுநாள் ஒறையும். மொத வாட்டி லூசா வரும், அதுல இருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பால ஒறை ஊத்துங்க, பெறகு கெட்டிப்படும். நெறம் மாறினாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காம கொட்டிடுங்க. மோர்க்கறிக்கு இது ஓக்கே, சும்மா சோத்துல விட்டுச் சாப்பிட கடலை வாசம் தெரியும், எனக்குப் பிடிக்கல, மருமவளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் அவ கட்டாயம் எழுதச் சொன்னது. பி12 எந்தக் காயிலயும் கீரையிலயும் நம்பி எடுக்குற அளவுக்குக் கெடையாது. பழைய கஞ்சியில உண்டு, இட்லி மாவுல உண்டுன்னு வாட்ஸாப்புல வாறத நம்பி இருக்காதீங்க. ஒரு நாளைக்கு வேண்டியது 2.2 மைக்ரோகிராம், துளிதான், ஆனா அது இல்லன்னா மெதுமெதுவா ரத்தச்சோகை, கை கால் மரப்பு, மறதின்னு போகும், வருஷம் கழிச்சுத்தான் தெரியும். ரத்தம் பாத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை எடுங்க, இதுல பெருமை பாக்க ஒண்ணும் இல்ல. அயோடின் உப்பையே வாங்குங்க, மீன விட்டுட்டு அயோடின் சேக்காத கல்லுப்புக்கும் மாறினா அயோடினுக்கு வழி இல்லாம போகும். மீன் எண்ணெக்குப் பதிலா ஆளி விதைய வறுத்துப் பொடிச்சு இட்லிப்பொடியில சேக்கலாம், அது ஒடம்புல மாறுறது கொஞ்சந்தான், வேணும்னா கடல்பாசியில இருந்து எடுத்த மாத்திரையும் உண்டு. சுண்ணாம்புக்கு ராகி, எள்ளு, முருங்கைக்கீரை, ராகி 100 கிராமுல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. இரும்புச் சத்துக்கு கீரை பயறு கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேத்துக்கிடுங்க, சாப்பிட்ட கையோட சாயா குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாவது போகட்டும். இன்னொண்ணு, எல்லாம் தேங்காதானேன்னு அள்ளி விடாதீங்க, தேங்கா எண்ணெயில பத்துல எட்டுப் பங்குக்கு மேல கெட்டிக் கொழுப்புதான், நேந்திரங்காய் சிப்ஸும் பழம்பொரியும் தாவரம்ங்கிறதுக்காக மருந்தாயிடாது. தேன் சேத்துக்கிடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டத்துக்காரன் அந்தக் கேள்விய தாண்ட முடியாது. ஒடம்புக்காக மாறுறவங்க பெரும்பாலும் ஒரு ஸ்பூன் தேன பெருசா எடுத்துக்கிடமாட்டாங்க, உயிருக்காக மாறுறவங்க தேனும் தொடமாட்டாங்க, நீங்க எதுக்காகன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

வெளியில சாப்பிடும்போது பரோட்டாவுல முட்டையோ பாலோ இருக்கான்னு கேளுங்க, பல கடையில உண்டு. சம்மந்திப்பொடியில செம்மீன் பொடி சேக்குற எடமும் உண்டு. பருப்பு வடை, ரசவடை, புட்டு கடலை, எலையில மூடி வச்ச அடை எல்லாம் பயப்பட வேண்டாம். பேக்கரியில எதுவும் கேக்காமலே தாண்டிப் போயிடுங்க.

வீட்டுல தெனமும் மீன்னு சொன்னீங்க. அம்மாவ ரெண்டு சமையல் பண்ண வைக்காதீங்க, நாலு நாள்ல அவங்களுக்கும் சலிச்சுப் போகும். அரப்பக் கொதிக்க விட்டு மீன் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டிய சின்னச் சட்டியில மாத்தி எடுத்துடச் சொல்லுங்க, அதுல நீங்க முந்தின நாளே வேகவச்ச சக்கக்குருவையோ வதக்கின வெண்டைக்காயையோ போட்டு ஒரு கொதி. பயறு மட்டும் உங்க வேலைன்னு எடுத்துக்கிடுங்க, ஞாயித்துக்கிழமை மூணு நாளுக்கு வேண்டியத குக்கர்ல உப்பில்லாம வேகவச்சு ஃப்ரிட்ஜுல வச்சா, காலையில தாளிச்சு எடுக்க அஞ்சு நிமிஷம்.

மத்தியானத்துக்கு பொதிச்சோறு கட்டுங்க. வாழையெலைய அனலுல வாட்டி, சோறு, ஓரத்துல புளியும் மாங்காயும் வச்சு அரைச்ச கெட்டிச் சம்மந்தி, பயறு மெழுக்குபுரட்டி, முட்டைப் பொரியலும் மீன் வறுவலும் இருக்க எடத்துல சேனை வறுவல். சேனைய விரல் கனத்துல நறுக்கி புளியும் மஞ்சளும் போட்ட தண்ணியில முக்கா வேக்காடு வேகவச்சு, வடிச்சு, மீனுக்குத் தடவுற அதே மிளகாத்தூள் நல்லமிளகு மஞ்சள் உப்பு பூடு விழுதத் தடவி அர மணி நேரம் வச்சு தேங்கா எண்ணெயில ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு எடுங்க. கொழம்புக்கு கெட்டித் தீயல் ஒரு சின்ன டப்பாவுல. அவியல் மட்டும் கட்டாதீங்க, அந்த ட்ரெயின் கூட்டத்துல, அந்தச் சூட்டுல பச்சத் தேங்கா மத்தியானத்துக்குள்ள வாடை அடிச்சுடும், தீயல்னா வறுத்த தேங்கா, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.